எங்கள் டாக்டர் சாப் போய்விட்டார். கூட இருந்தவர்கள் எழுதுங்கள்

பட்டாளத்தான்_வேலூர் எழுதியது:

நண்பர்களே, போன வியாழக்கிழமை விடியற்காலையில் உத்தராகண்ட் மலையூர் அல்மோராவிலிருந்து போன். டாக்டர் சாப் இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி மேம்சாப்தான் பேசினார்கள். கர்னலாக ஓய்வு பெற்றவர், ஆனால் எங்களுக்குக் கடைசி வரைக்கும் கேப்டன் சாப்தான், ஏனென்றால் எங்கள் மதராஸ் ரெஜிமென்ட் பட்டாலியனுக்கு அவர் ஆர்.எம்.ஓ.வாக வந்தபோது தோளில் மூன்று நட்சத்திரம், மீசை கூடச் சரியாக அடர்ந்திருக்காத முகம். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. கூட இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

பட்டாளத்தில் இல்லாதவர்களுக்காக ஒரு வரி. ஆர்.எம்.ஓ. என்றால் பட்டாலியனோடு கூடவே வரும் டாக்டர். சுமார் எண்ணூறு பேருக்கு அவர் ஒருவர்தான். நாங்கள் எங்கே போனாலும் அவரும் வரவேண்டும், நாங்கள் படுக்கும் இடத்தில்தான் அவரும் படுக்கவேண்டும்.

அவர் குமாவோன் மலைக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு சியாச்சின் முறை வந்தது. வேலூர், ராமநாதபுரம், தருமபுரி என்று வெயிலிலேயே வளர்ந்த பையன்கள், பனியை முதல்முதலாகப் பார்க்கிறார்கள். 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், 12,000 முதல் 15,000 வரை நாலு நாள், அதற்கு மேலே இன்னும் நாலு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் மேலே விடுவார்கள். அந்தப் பதினாலு நாளில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சம்மதிக்காதவர் எங்கள் டாக்டர். சீனியர் ஆபீசர் கேட்டாலும் சரி, மாட்டேன் என்று நிற்பார்.

மேலே போன பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன். ராத்திரி ஃபைபர் குடிசைக்குள் ஒன்பது பேர் ஒடுங்கிக் கிடப்போம், மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் மூக்கைச் சிந்தினால் கரிதான் வரும். அவர் ஒரு ஜெரிகேனைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, "காலைக் காட்டு" என்பார். சாக்ஸைக் கழற்றியதும் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். கட்டைவிரல் நகத்தை அழுத்துவார், நகம் வெளுக்கும், விட்டுவிட்டு எண்ணுவார், தமிழில்: ஒண்ணு... ரெண்டு... ரெண்டுக்குள் ரத்தம் திரும்பிச் சிவந்துவிட்டால் உள்ளங்காலில் ஒரு தட்டு, அடுத்த ஆள். மூணு வரைக்கும் போய்விட்டால் ஒன்றும் பேசமாட்டார், தன் கோட்டு பொத்தான்களை அவிழ்த்து அந்தக் காலை வெறும் வயிற்றோடு சேர்த்து அணைத்து வைத்துக்கொள்வார். பத்து நிமிஷம், கால் மணி நேரம்.

எனக்கு முதல் தடவை அப்படிச் செய்தபோது கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். நம் ஊரில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஒரு ஆபீசரின் வயிற்றில் என் கால்! அவர் விடவில்லை. "தம்பி, கால் உன்னோடது இல்லை, பட்டாலியனோடது" என்று இந்தியில் சொன்னார்.

எழுத எழுத வருகிறது, ஆனால் இப்போது முடியவில்லை. மற்றவர்களும் எழுதுங்கள்.

லங்கர்_அண்ணாச்சி எழுதியது:

அய்யோ. இன்னைக்குத்தான் பார்க்கிறேன் அண்ணே. மனசே ஆறவில்லை.

நான் அப்போது லங்கர் சமையல்காரன். அந்த உயரத்தில் சமைப்பது என்னவென்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. 18,000 அடியில் தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது, பருப்பு நிற்கும் கல் மாதிரி. குக்கர் இல்லாவிட்டால் பட்டினிதான். அப்படியே வேகவைத்துக் கொடுத்தாலும் யாருக்கும் சாப்பாடு இறங்காது, பசியே செத்துப்போகும். டப்பா அன்னாசிப்பழத்தைப் பார்த்தாலே குமட்டும். ஆட்கள் மாதம் ஐந்து கிலோ, ஆறு கிலோ என்று இளைத்துக்கொண்டே போவார்கள்.

டாக்டர் சாப் லங்கருக்கு வந்து யார் தட்டு காலி, யார் தட்டு அப்படியே திரும்பியது என்று என்னிடம் கேட்பார். ஒரு நாள் நான் எனக்காக வைத்திருந்த புளியிலும் மிளகிலும் கொஞ்சம் ரசம் வைத்தேன். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்தார், நெற்றி வேர்த்தது, இன்னொரு டம்ளர் கேட்டார். மறுநாளிலிருந்து சிக் ரிப்போர்ட் சீட்டில் மருந்து எழுதும் இடத்தில் "ரசம், தினம் இரண்டு வேளை" என்று எழுதி அனுப்ப ஆரம்பித்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன். சோறு வேண்டாம் என்றவன் கூட ரசத்துக்காக ரெண்டு பிடி சாதம் சாப்பிட்டான். அப்புறம் சாமான் பொறுப்பில் இருந்த குவார்ட்டர் மாஸ்டரிடம் சண்டை போட்டுப் புளியும் மிளகும் மேலே ஏற்றிக் கொடுத்தார்.

லீவு முடிந்து வரும்போது அவர் ஊர் இனிப்பு ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவருவார். பால் மிட்டாய் என்றார். நாங்கள் நம்ம ஊர் மளிகைக்கடை பால் மிட்டாய் என்று நினைத்துத் திறந்து பார்த்தால் பழுப்பாகக் கோவா கட்டி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை உருண்டை. அவர்கள் பாஷையில் அந்தப் பாலுக்கு வேறு அர்த்தமாம். பெட்டியை என்னிடம் கொடுத்து, "அண்ணாச்சி, எண்ணிக் கொடு, ஒருத்தனும் விடுபடக்கூடாது" என்பார். அண்ணாச்சி என்ற சொல்லை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பழைய_சிக்னல் எழுதியது:

நான் வேறு யூனிட், அவர்களோடு இணைப்பில் இருந்த சிக்னல் ஆள். ஆனால் அந்தக் குடிசையில் நானும் படுத்திருக்கிறேன், என் காலையும் அவர் எண்ணியிருக்கிறார்.

அவர் ராத்திரியில் ஒரு கதை சொல்வார், யாருக்காவது நினைவிருக்கிறதா? கர்னல் ரங்கராஜ் கதை. வேலூர்ப் பையன்களைப் பார்த்து, "உங்க ஊர்க்காரர்டா, பெயரிலேயே ஆற்காடு இருக்கு, உங்களுக்கே தெரியாதா" என்று கோபித்துக்கொள்வார். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் உண்மை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ராணுவ மருத்துவர். 1941ல் இந்தியர்களில் முதன்முதலாக பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். கொரியாப் போர் வந்தபோது இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது, அதற்குத் தலைமை இவர். 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

டாக்டர் சாப் ரசித்துச் சொல்வது ரயில் எஞ்சின் கதையைத்தான். டிசம்பரில் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க உத்தரவு. வண்டி இல்லை. மருந்தையும் சாமானையும் போட்டுவிட்டு ஓடு என்கிறார்கள். ரங்கராஜுக்கு மனசு வரவில்லை, சாமான் இல்லாமல் டாக்டர் எதற்கு? எங்கேயோ நின்ற ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, தன் ஆட்களில் கொதிகலன் வேலை தெரிந்தவர்களை ஏற்றி, எல்லாச் சாமானையும் பெட்டிகளில் போட்டு, பாலத்தைத் தகர்ப்பதற்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 1951 மார்ச் 23ல் முன்சான்-நி என்ற இடத்தில் அமெரிக்க பாராசூட் படையோடு இந்திய மருத்துவக் குழு ஒன்றும் குதித்தது, 12 பேர், அதில் ரங்கராஜும் உண்டு. மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டவரும் இவரேதான்.

கதை முடிந்ததும் டாக்டர் சாப் எப்போதும் ஒன்றைத்தான் திரும்பச் சொல்வார்: "சாமானை விடல பாரு." அவர் ரக்‌ஷாக்கில் மருந்துப் பெட்டி கனம் அதிகம் என்று யாராவது வாங்கிக்கொள்ள வந்தால் கொடுக்கவே மாட்டார். கயிற்றில் கட்டிக்கொண்டு பிளவுகளைத் தாண்டும்போதும் அது அவர் முதுகில்தான் இருக்கும்.

இளையவன்_புனே எழுதியது:

வணக்கம். அப்பா பட்டாளத்தில் இருந்தவர், நான் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா இந்த இழையை அனுப்பினார். பாடத்தில் உறைபனிக் காயத்துக்கு வெந்நீர் 37லிருந்து 39 டிகிரி, தேய்க்கக்கூடாது, மறுபடி உறைய விடக்கூடாது என்று படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வயிற்றில் வைத்துக்கொள்வதைப் பற்றிப் படித்தபிறகு புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். இன்னும் எழுதுங்கள், தயவுசெய்து.

செவிலி_நாகை எழுதியது:

நான் பட்டாளத்தைச் சேர்ந்தவள் இல்லை. நாகப்பட்டினத்தில் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இதை என் தங்கை மகன் காட்டினான். "காலைக் காட்டு", "ஒண்ணு ரெண்டு" என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இது அவராகத்தான் இருக்கவேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ராணுவ மருத்துவக் குழுக்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைப் பக்கமெல்லாம் படகு மரமும் ஓட்டுச் சில்லும் கண்ணாடியும் ஆணியும் ஒரே குப்பையாகக் கிடந்தது, அதற்குள்தான் ஜனங்கள் சொந்தக்காரர்களைத் தேடி வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் காலரா வந்துவிடுமோ, குழந்தைகளுக்குத் தட்டம்மை பரவிவிடுமோ என்ற பயம்தான், குளோரினும் ஊசியுமாக ஓடிக்கொண்டிருந்தோம். இந்த டாக்டர், அப்போது மேஜர், பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமுக்கு வந்ததும் வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். "காலைக் காட்டும்மா" என்றார். வடக்கத்திக்காரர் வாயில் அந்தத் தமிழைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் காலில் வெட்டு, சிலருக்குச் சீழ் வைத்தே போயிருந்தது, யாரும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்பவள் காலில் ஆணி குத்தியதை எங்கே சொல்வாள்?

ஒரு பெரியவர், கரைவலைக்காரர், மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. டாக்டர் அவர் முன்னால் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பேசினில் தண்ணீர் வைத்து இரண்டு காலையும் தானே கழுவினார். கழுவி, துடைத்து, முள்வாங்கியால் ஒவ்வொரு சில்லாக எடுத்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசியில் நகத்தை அழுத்தி ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். பெரியவர் "மூணு" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. அப்புறம்தான் அழ ஆரம்பித்தார். டாக்டர் எழுந்து போகவில்லை, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

ஒன்று கேட்கவேண்டும். சாயங்காலம் அவர் பூட்ஸைக் கழற்றிக் குழாயடியில் கால் கழுவும்போது பார்த்தேன். இடது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நுனி இல்லை. என்ன சார் இது என்றேன். "பனி தின்னுடுச்சு சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். எல்லோர் காலையும் பார்த்தவருக்கு எப்படி அப்படி ஆனது? உங்களில் யாருக்காவது தெரியுமா?

பட்டாளத்தான்_வேலூர் எழுதியது:

சகோதரி, அவரேதான். நாகப்பட்டினம் போனதாக ஒரு முறை சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் சொன்னதில்லை. விரல் விஷயம் எனக்குத் தெரியாது. ரெண்டரை வருஷம் கூட இருந்தேன், அவர் காலை நான் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லோரும் நல்லதே எழுதுகிறீர்கள், நானும் அதே பட்டாலியன்தான், எனக்கு மனசில் இருப்பதை எழுதுகிறேன், போனவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்று திட்டினாலும் பரவாயில்லை.

எனக்கு அங்கே ஹேப்போ வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. இருமல் வந்து ரெண்டு நாள் நான் வெளியே சொல்லவில்லை. தங்கச்சி கல்யாணம் தை மாதம், பனிமலைப் படிப்பணம் முழுசாக வந்தால் கடன் வாங்காமல் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி விழுந்துவிட்டேன், கீழே கொண்டுபோனார்கள், லடாக்கின் லே ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தேன். அதற்கப்புறம் டாக்டர் என் பேப்பரில் லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவன் என்று எழுதினார், மேலே மருத்துவ போர்டும் அதையே வைத்தது. உயரத்துக்கு இனிமேல் போகக்கூடாது. ஷேப்-1 என்ற முழு உடல்தகுதி போனால் பட்டாளத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். என்னோடு சேர்ந்தவன் நாயப் சுபேதாராக வெளியே போனான், நான் அதற்குக் கீழே நாயக். அவனுக்கும் எனக்கும் பென்ஷனில் இருக்கும் வித்தியாசம் ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி எனக்கு ஞாபகம் வருகிறது.

அவரிடம் நேரில் போய்க் கெஞ்சினேன். "சாப், ஒரு வரி மாற்றி எழுதுங்க" என்றேன். "மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். வயிற்றில் கால் வைத்துக்கொண்டவர்தான், எனக்கு அந்த ஒரு வரியை எழுதவில்லை.

பழைய_சிக்னல் எழுதியது:

குற்றாலச்சாரல் தம்பி, உன்னைத் திட்ட மாட்டேன், வலி தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஹேப்போ ஒரு தடவை வந்தவனுக்கு அதே உயரத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இது நம் ராணுவ டாக்டர்கள் கண்ணால் பார்த்து எழுதியது. 1962 சீனப் போருக்குப் பிறகு லேயிலும் மற்ற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை அவசரமாக மேலே ஏற்றிப் பலரைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள், அந்தக் கட்டுரைகள் 1965லும் 1969லும் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தன, உலகம் இந்த வியாதியைப் புரிந்துகொள்ள அவையும் உதவின. அந்த ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தால் அடுத்த முறை உன்னையும் ஏற்றியிருப்பார்கள்.

குற்றாலச்சாரல் எழுதியது:

நியாயம் தெரியாமல் இல்லை அண்ணே. நியாயம் தெரிந்தால் வருத்தம் போய்விடுமா?

லங்கர்_அண்ணாச்சி எழுதியது:

வருத்தம் போகாதுதான். கேட்டகரி விழுந்தவனுக்கு ப்ரமோஷனையும் நிறுத்துகிற விதியைப் போட்டது டாக்டர் இல்லையே மக்கா, அது வேறு இடம். கோபம் அங்கே போகவேண்டியது.

என்.ஏ_கோவில்பட்டி எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதவேண்டாம் என்று இருந்தேன். நான் அவருடைய நர்சிங் அசிஸ்டென்ட். லக்னோவில் பயிற்சி முடித்துவிட்டு நேராக அவரிடம் வந்தவன், எனக்கு ஊசி போடத் தெரியும், நோயாளியைப் பார்க்கத் தெரியாது, பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

செவிலி அக்கா கேட்டதற்கும் குற்றாலச்சாரலுக்கும் சேர்த்துப் பதில் என்னிடம் இருக்கிறது. சொல்லக்கூடாது என்று என்னிடம் வார்த்தை வாங்கியிருந்தார். அவர் போய்விட்டார், இனிமேல் சொன்னால் அவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

குற்றாலச்சாரல் தம்பி இருந்த காவல் போஸ்ட்டுக்கு அவர் அன்றைக்கு வந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. போஸ்ட்டுகளுக்கு இடையே நடக்கும் லிங்க் பேட்ரோலோடு ரெண்டு நாள் முன்னால் நடந்து வந்தார், யாரோ இருமுவதாக ரேடியோவில் காதில் விழுந்ததாம். வந்ததிலிருந்து புயல். ராத்திரி ஒரு மணிக்கு மேல் நான் அவரை எழுப்பினேன், தம்பிக்கு மூச்சு உட்கார்ந்திருக்கும்போதே வாங்கியது. ஸ்டெதாஸ்கோப்பின் வட்டு பனிக்கட்டியாக இருந்தது, அதைத் தள்ளிவிட்டு நெஞ்சில் நேராகக் காதை வைத்தார். எனக்கும் வைக்கச் சொன்னார். உலை கொதிப்பது போலக் களகளவென்று சத்தம். வாயோரம் ரோஸ் நிறத்தில் நுரை. ஹெலிகாப்டர் வர வழியில்லை, கீழே தூக்கிப்போகவும் வழியில்லை, கதவைத் திறந்தால் கை நீட்டும் தூரம் தெரியவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம். மாத்திரை கொடுத்தோம். அப்புறம் ஹேப்போ பேக்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்கு ஒரு காற்றடைத்த பை, உள்ளே நோயாளியைப் படுக்கவைத்து ஜிப்பைப் போட்டுவிட்டுக் காலால் பம்பை மிதித்துக் காற்று ஏற்றவேண்டும், உள்ளே காற்றழுத்தம் கூடக்கூட அவனை ஐயாயிரம், ஆறாயிரம் அடி கீழே இறக்கிய மாதிரி. ஆனால் மிதிப்பதை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அவன் விட்ட மூச்சையே அவன் மறுபடி இழுப்பான். அந்த உயரத்தில் இருபது தடவை மிதித்தாலே நமக்கு நெஞ்சு அடைக்கும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முறை போட்டோம். குடிசைக்குள் இடம் போதாமல் பம்ப் வாசலை ஒட்டி இருந்தது, பனி உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் அவசரத்தில் உள் பூட்ஸோடு எழுந்து வந்தவர், வெளி பூட்ஸைப் போடவே இல்லை. நான் ரெண்டு தடவை சொன்னேன். "அப்புறம், அப்புறம்" என்றார். தன் முறை முடிந்தாலும் அடுத்தவன் மூச்சு வாங்கினால் அவனைத் தள்ளிவிட்டு இவரே ஏறிக்கொள்வார். பையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் டார்ச் அடித்துத் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பார்.

காலை ஒன்பது மணி வாக்கில் வானம் கொஞ்சம் திறந்தது. சீட்டா ஹெலிகாப்டர் வந்தது, எஞ்சினை அணைக்காமலே ஏற்றிக்கொண்டு போனார்கள். சத்தம் மறைந்தபிறகு அவர் அந்த ஜெரிகேனில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் அவர் முன்னால் மண்டி போட்டு, "சாப், இப்போ நீங்க காலைக் காட்டுங்க" என்றேன். வேண்டாம் என்றார். நானே கழற்றினேன். இடது கால் விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன. சுண்டுவிரல் நகத்தை அழுத்திவிட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பத்து வரைக்கும் எண்ணினேன். சிவக்கவில்லை.

என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

அப்போதுதான் சொன்னார், "அந்தப் பையனுக்கு இது தெரியவேண்டாம். தெரிஞ்சா வாழ்நாள் முழுக்க என் காலைப் பத்தியே நினைச்சிட்டிருப்பான். அவன் நல்லா மூச்சு விடட்டும்." விரல் நுனிகள் கறுத்து, சில மாதம் கழித்துத் தானாக விழுந்தன. யாருக்கும் காட்டவில்லை. தம்பி கேட்டகரியை மாற்றச் சொல்லிக் கெஞ்சிவிட்டுப் போன அன்றைக்கும் நான் நோயாளிகளைப் பார்க்கும் எம்.ஐ. ரூமில்தான் இருந்தேன். இவர் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

இளையவன்_புனே எழுதியது:

படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

குற்றாலச்சாரல் எழுதியது:

நேற்று மதியம் படித்தேன். பதில் எழுத இன்றைக்குத்தான் முடிகிறது.

பையின் கண்ணாடி ஜன்னல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. நான் அதை ஹெலிகாப்டர் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பென்ஷன் வருத்தத்தை நான் எழுதியது எழுதியதுதான், அதை அழிக்க மாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் இன்னொன்றையும் எழுதவேண்டும். 2007ல் ஒரு நாள் என் நம்பரை யாரிடமோ வாங்கி போன் பண்ணினார். "தம்பி, மூச்சு எப்படி இருக்கு? படி ஏறினா வாங்குதா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி பையனுக்கு இப்போது இருபத்தாறு வயது, அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறோம், நான்தான் நின்று செய்துகொண்டிருக்கிறேன். கோவில்பட்டி அண்ணே, உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

என்.ஏ_கோவில்பட்டி எழுதியது:

அனுப்பிவிட்டேன் தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

செவிலி_நாகை எழுதியது:

பதில் கிடைத்தது. நன்றி தம்பி. அந்தக் கரைவலைப் பெரியவரின் மகள் வீட்டுக்கு இன்று சாயங்காலம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த டாக்டரா என்று கேட்டாள். வாசலில் விளக்கேற்றி வைத்தாள்.

பட்டாளத்தான்_வேலூர் எழுதியது:

மேம்சாப்பிடம் மறுபடி பேசினேன். இந்த இழையில் வந்ததை எல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன், விரல் கதையையும் சொன்னேன். அவர்களுக்கும் முழுசாகத் தெரியாதாம், கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பனிக்காயம் என்றுதான் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

அப்புறம் அவர்களே ஒன்று கேட்டார்கள். பேத்திக்குக் குளிர்காலத்தில் சாக்ஸ் மாட்டுவதற்கு முன்னால் தாத்தா தினமும் கால் நகத்தை அழுத்தி ஏதோ சொல்வாராம், "ஒண்ணு, ரெண்டு" என்று. ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று நினைத்திருந்தார்களாம். இது எந்த பாஷை, என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். சொன்னேன். பேத்தி பக்கத்தில்தான் இருந்தாள், போனை அவளிடம் கொடுத்தார்கள், மூணுக்கு அப்புறம் என்ன என்று கேட்டாள். பத்து வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னாள், "ஏழு" மட்டும் வரவில்லை.

பதிமூன்றாம் நாளுக்கு நானும் அண்ணாச்சியும் போகிறோம். டெல்லி வரைக்கும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், அங்கிருந்து ராத்திரி ரயிலில் காத்கோதாம், அதற்கு மேல் டாக்ஸியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதை. கோவில்பட்டித் தம்பி மதுரையில் ஏறி சென்னையில் எங்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். வருகிறவர்கள் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், டிக்கெட் ஒன்றாகப் போட்டுவிடலாம். குளிர் இருக்கும், ஸ்வெட்டரும் கம்பளிச் சாக்ஸ் ரெண்டு ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லங்கர்_அண்ணாச்சி எழுதியது:

புளியும் மிளகும் நான் கொண்டுவருகிறேன். அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் ரசம் நான்தான் வைப்பேன் என்று மேம்சாப்பிடம் சொல்லிவிடுங்கள் அண்ணே.

குற்றாலச்சாரல் எழுதியது:

எனக்கும் ஒன்று போடுங்கள். அல்மோரா எத்தனை அடி உயரம்?

என்.ஏ_கோவில்பட்டி எழுதியது:

ஐயாயிரத்துச் சொச்சம்தான் தம்பி. தாராளமாக வரலாம். நான் பக்கத்திலேயே இருப்பேன்.